மணிக்கட்டில் போட்ட ஊசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இருவரும் சுகம் என்று தொடங்கித்தான் பழக்கம். இந்தத் தடவையும் அப்படியே வைத்துக்கொள். கையெழுத்து கோழி கிறுக்கினது போல இருக்கும். உன் அம்மா தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். அவள் எழுதினால் பாதியை மழுப்பிவிடுவாள், அதனால் வேண்டாம் என்றேன்.

கழுத்து வலி போயே போச்சு. போனில் சொன்னது பொய்யில்லை. லீவில் வந்தபோது நீ ஊசி போட்ட மறுநாளே கழுத்து நன்றாகத் திரும்பியது. என் மகள் அக்குபஞ்சர் படித்து முடித்துவிட்டாள் என்று சலூனுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் வலது மணிக்கட்டில் ஓர் ஊசி போட்டாயே, அன்றிலிருந்து கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துக் கிடக்கின்றன. டீ டம்ளர் சுடுவதுகூடத் தெரிவதில்லை. தானாகச் சரியாகும் என்று வேலையை விடவில்லை. போன வாரம் கணக்கு வாத்தியாருக்குச் சவரம் செய்யும்போது தாடையில் வெட்டிவிட்டேன். வெட்டியது என் கைக்குத் தெரியவில்லை. துண்டு சிவந்த பிறகுதான் பார்த்தேன். படிகாரத்தை எவ்வளவு அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை. நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாராம். மனுஷன் கோபப்படவில்லை. இத்தனை வருஷத்துல இப்பதான்யா என் ரத்தத்தைப் பாத்திருக்கே என்று சிரித்தார்.

அன்றைக்கே கத்தியை மடித்து வைத்தேன். நாற்காலியை உன் மாமா பார்த்துக்கொள்கிறார். நான் முடி கூட்டுகிறேன். நரம்பில் பட்டிருக்கும், சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் டாக்டர். யார் போட்டது என்று கேட்டார். வெளியூரில் யாரோ என்றேன். அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. கோபமும் வரவில்லை. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்றுதான் இருந்தோம். நேற்று வாத்தியார் வந்து, உன் பொண்ணு ஊசி போடுற ரூம் தொறந்ததும் மொத ஆளா நான்தான் போய்ப் படுப்பேன், முதுகு வலி தாங்கலை என்கிறார். மாத்திரையைப் பற்றி அவராக வாய் திறக்க மாட்டார். என்னிடமே வெட்டுப்பட்ட பிறகுதானே சொன்னார். படுக்கவைக்கும் முன்னால் நீதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. அன்றைக்கு ஊசி இறங்கும்போது விரல் நுனிவரை கரண்ட் அடித்தது போலச் சுரீர் என்றது. வலிக்குதாப்பா என்று கேட்டாய். இல்லை என்றேன். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், கெடுக்க மனசு வரவில்லை. ஊசியும் அப்படியே நின்றது. ஆகவே யார் இல்லை என்று சொன்னாலும் முகத்தைப் பார். ஒரு கை லேசாக இழுத்துக்கொண்டால்கூட ஊசியை எடுத்துவிடு.

இதைப் படித்துவிட்டு அறையைத் திறக்காமல் இருந்துவிடாதே. திற, நன்றாக நடத்து. அப்புறம் ஒரு நாள் வந்து இந்தக் கையைப் பிடித்து, வலிக்குதா என்று மறுபடியும் கேள். இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன்.

நீ நல்லா இருக்கணும்.

உன் அப்பா