கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு சட்டைகள்

நேசத்துக்குரிய என் வக்கீலுக்கு,

இன்று நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஆகின்றன. நீங்கள் எழுபத்தாறிலேயே நின்றுவிட்டதால் இப்போது நான்தான் மூத்தவள். ஆகவே இதை எழுந்து நின்று கேளுங்கள்.

மீனவர் சங்கத்தார் உங்கள் பெயரில் தங்கச்சிமடத்தில் படிப்பகம் திறக்கிறார்கள். அவர்களுடைய படகு வழக்குகளைக் காசு வாங்காமல் நடத்தினீர்கள். அதற்கு இது தகும். ஆனால் பேனரில் உங்களை ‘எளிமையின் சிகரம்’ என்று எழுதி, தலையைச் சுற்றி ஒளிவட்டமும் போட்டிருக்கிறார்கள். வழக்குகளை விட்டுவிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். உங்களுடைய புகழ்பெற்ற அந்த இரண்டு வெள்ளைச் சட்டைகளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம்.

சங்கச் செயலாளர் ஆரோக்கியம் நேற்று வீட்டுக்கு வந்து சட்டைகளை வாங்கிக்கொண்டார். பெட்டியின் கீழே ஒட்டுவதற்கான ஆங்கில வரியையும் நீட்டினார். இராமேஸ்வரம் போகிற வெளியூர்க்காரர்கள் படிப்பதற்காம். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள் என்பதால் நான் பிழை பார்க்க வேண்டுமாம். ‘ஹி லிவ்ட் எ சிம்ப்ளிஸ்டிக் லைஃப்.’

“சிம்ப்ளிஸ்டிக்னா என்னன்னு நெனச்சீக ஆரோக்கியம்?”

“சிம்பிளுக்கு ஒரு படி மேல டீச்சர். ஆர்ட்டிஸ்டிக் மாதிரி.”

“அது வசவு. சிக்கல் இருக்கறதே கண்ணுக்குத் தெரியாம, எல்லாம் லேசுன்னு நெனச்சுத் திரியிற ஆளச் சொல்றது.”

“ஆத்தீ. வக்கீலய்யாவுக்கு அது ஆகாது. அப்ப காம்ப்ளெக்ஸ்னு போட்ருவமா?”

“போடுங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை கட்டி வாடகைக்கு விட்டாருன்னு நெனப்பாக.”

“காம்ப்ளிகேட்டட்னு ஒன்னு இருக்கே டீச்சர்?”

“ஒங்க வலை இருக்குல்ல, ஆயிரம் முடிச்சு, ஒவ்வொன்னும் அதது எடத்துல. அது காம்ப்ளெக்ஸ். அதே வலை பாறையில மாட்டிச் சுருண்டு வந்தா காம்ப்ளிகேட்டட்.”

“அப்ப நம்ம அய்யா எது?”

“அய்யா வலையவே தொடல. கரையில இருந்து மீனுக்கு ருசி சொன்னவரு.”

அவர் சிரித்துக்கொண்டே, மூன்றாம் தேதி காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ‘சிம்பிள்’ என்று திருத்திக் கொடுத்தால் மொழி சரியாகிவிடும். உண்மை சரியாகுமா?

“எனக்கு இரண்டே சட்டை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்” என்று மேடைதோறும் சொல்வீர்கள். கூட்டம் கை தட்டும். முன்வரிசையில் அமர்ந்து நானும் தட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் கைகள்மேலேயே அருவருப்பு வருகிறது.

இராமநாதபுரத்து உப்புத் தண்ணீரில் துவைத்த வெள்ளைத் துணி சீக்கிரமே பழுத்துப்போகும். அடைமழை பிடித்தால் கொடியில் போட்டது நாள்கணக்கில் காயாது. ஆனாலும் ஒவ்வொரு காலையிலும் உங்கள் நாற்காலியின் மேல் வெளுப்பாக, மொடமொடப்பாக ஒரு சட்டை இருந்தது. குறுக்கு விசாரணைக்கு மதுரை வரை பெயர் எடுத்தவர், ‘இது எப்படிக் காய்ந்தது?’ என்று ஒருநாளாவது என்னிடம் கேட்டீர்களா? ஒருவர் எளிமையாக இருப்பதற்கு அதே வீட்டில் இன்னொருவர் எவ்வளவு சிக்கலாக இருக்க வேண்டும் என்பது தெரியாமலேயே போய்விட்டீர்களே. ஆரோக்கியம் அறியாமல் எடுத்து வந்த சொல், விலாசம் தவறி வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் செத்தவரைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துத் திட்டுவது அழகில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். ‘சிம்பிள்’ என்றும் எழுதவில்லை, அது பொய்.

நீங்கள் கேட்காததால் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நம் கல்யாணமான முதல் மழைக்காலத்திலிருந்தே உங்களுக்கு ஒன்பது சட்டைகள் இருந்தன. கிழியக் கிழிய எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டேன். ஒரே துணி, ஒரே தையல்காரர், ஒரே மாதிரிப் பித்தான். மற்ற ஏழும் என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

நாளை ஆரோக்கியத்திடம் கொடுக்கப்போகும் வரியில் ஐந்தே சொற்கள். எதற்கும் அகராதி வேண்டாம். அதில் ஓர் எழுத்தையும் எவரும் மாற்ற விடமாட்டேன் என்று உங்களுக்கு வாக்களிக்கிறேன்: ‘டூ ஆஃப் ஹிஸ் நைன் ஷர்ட்ஸ்.’

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி
பிலோமினா