கப்பல் வந்தபோது எழுந்து போன சனம்

படக் கூடாரத்தில் காஸ் விளக்கை ஏற்றினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் நீர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டேன். காய்ச்சல் உம்மைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. தலைக்கு இன்னும் அது புரியவில்லை.

பேசாத படத்துக்குச் சத்தம் கொடுப்பது நம் இருவர் வேலை. எனக்குத் தபேலா; உமக்கு ஆர்மோனியமும் மற்ற ஓசைகளும். குதிரை ஓடினால் சிரட்டை, இடி இடித்தால் தகரம். பாளையங்கோட்டையில் கூடாரம் போட்டிருந்தபோது அந்தக் கப்பல் படம் வந்தது. தாய் ஒருத்தி துறையில் மகனுக்காகக் காத்து நிற்பாள். கடைசியில் கப்பல் வரும். நீர் மணப்பாட்டுக் கரையில் பிறந்தவர். உங்கள் ஊரில் தோணி திரும்பினால் சங்கு ஊதுவார்களாம். கப்பல் தெரிந்ததும் சங்கை எடுத்து நீட்டி ஊதினீர், கூடவே வெண்கல மணியையும் தட்டினீர்.

பாளையங்கோட்டைப் பக்கம் பொழுது சாய்ந்து சங்கும் மணியும் சேர்ந்து கேட்டால் சாவு விழுந்த வீடு என்று அர்த்தம். "ஏட்டி, யாரு வீட்டுல?" என்று பெண்கள் பக்கம் முழுக்க எழுந்தது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்; ஆண்களும் பின்னாலேயே போனார்கள். திரையில் தாயும் மகனும் கட்டிக்கொண்டபோது பார்க்க ஆள் இல்லை.

முதலாளி குதித்தார். "நாளையிலேருந்து சத்தமே கெடையாது வே. வெறும் படம் ஓடட்டும். நீரு ஊரு போய்ச் சேரும்."

நான் மூட்டை கட்டத் தயாராகிவிட்டேன். நீர் அசையவில்லை. "நான் திரைத் துணியப் பாத்து ஊதிட்டேன் அண்ணாச்சி. சனத்தப் பாத்து ஊதியிருக்கணும். நாளைக்கு ஒரு ஆட்டம் மட்டும் குடுங்க" என்றீர். அவரும் முனகிக்கொண்டே சரி என்றார்.

மறுநாள் பகலெல்லாம் தெருத்தெருவாக நடந்தோம். வெளியூர் போன பிள்ளை வீடு திரும்பினால் இங்கே என்ன சத்தம் கேட்கும் என்று எதிரில் வந்தவர்களையெல்லாம் கேட்டீர். எனக்கு வெட்கமாக இருந்தது. முறுக்கு விற்கிற அக்காதான் சிரித்தாள். "கொழும்புலேருந்து பிள்ள வந்தா கொலவ போடுவோம்லா! இதுகூடத் தெரியாதா?"

அன்றைய ஆட்டத்தில் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, பெண்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தீர். கப்பல் வந்தது. சொல்லிவைத்தபடி ஓரத்தில் நின்ற முறுக்கு அக்காவுக்குக் கை காட்டினீர். அவள் தொடங்கிய குலவையில் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்து, கூடாரமே அதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தபேலாவில் கை ஓடவில்லை. முதலாளி உம்மிடம் வந்து, "அந்த அம்மாவ நாளைக்கும் வரச் சொல்லும் வே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதிருக்கும் முதலாளி வேறு ஆள். கிராமபோன் பெட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். கல்யாணமோ கொலையோ, எல்லாப் படத்துக்கும் ஒரே பாட்டுத் தட்டு போதுமாம். தபேலாவைத் தொட்டால் வேலை போகும் என்கிறார். போனால் போகட்டும். சனம் எங்கே சிரிக்கிறது, எங்கே மூச்சைப் பிடிக்கிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியுமா?

ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. தபேலாவை எடுத்துக்கொண்டு, துணிக்கு முதுகு காட்டி, சனத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். எழுப்ப வருகிறவர் வரட்டும்.