மடை திறக்க மறுத்த யாகப்பனுக்கும் தாழைக்குடி மக்களுக்கும் அடைக்கலம் வேண்டி

நலம் ஓங்குக. மூன்று கணவாய்களுக்கும் இரண்டு ஆறுகளுக்கும் உரிமை பூண்டு, அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடாது செம்பாறை நாட்டை ஆண்டருளும் பேரரசி உமையாம்பிகை நாச்சியார் திருமுன்பு, வேங்கைநாட்டு மன்னர் அதிரவேளின் அமைச்சன் கோளரி நம்பி பணிந்து எழுதும் ஓலை. தங்கள் மதில்கள் உறுதியாய் நிற்க. தங்கள் வயல்களில் இம்மழை அளவோடு பொழிக.

இவ்வோலையைத் தங்கள் எல்லைக் காவலரிடம் தருபவர் யாகப்பன். கிறித்துவை வணங்குபவர். எங்கள் பேரேரியின் மடையை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காத்தவர். ஏரி நிறைந்திருக்கையில் ஆழத்தில் மூழ்கி அடைப்புக் கற்களைப் பெயர்க்கும் வித்தை தலைநகரில் அவர் ஒருவருக்கே தெரியும்.

நான்கு நாள்களுக்கு முன், மழை கொட்டிக்கொண்டிருக்கையில், அரசர் ஏரிக்கரைக்கு எழுந்தருளினார். அரியணைக்குப் போட்டியிட்டுத் தோற்று ஓடிய தம் இளவலை ஏரிக்குக் கீழுள்ள தாழைக்குடி ஊரார் மறைத்து வைத்திருப்பதாக ஒற்றர் சொல்லியிருந்தனர். மடையை முழுவதும் திறந்து அவ்வூரை நீரில் ஆழ்த்துமாறு அரசர் யாகப்பனுக்கு ஆணையிட்டார். ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பிறந்து ஒரு வாரமே ஆன இரட்டைப் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

யாகப்பன் கைகூப்பி நின்றார். அவர் பற்கள் ஒன்றோடொன்று மோதுவது அருகில் நின்ற அடியேனுக்குக் கேட்டது. குளிரென்று நினைத்தேன், குளிரன்று.

"அரசே, என் உயிரைக் கேளுங்கள், தருகிறேன். புயலில் கரை உடையும்போது என்னை முன்னே அனுப்புங்கள், போகிறேன். இது மட்டும் என்னால் ஆகாது. அந்த உயிர்களுக்கு உடையவர் வேறு ஒருவர். அவர் வேண்டாம் என்கிறார்" என்றார்.

"இந்த நாட்டில் எனக்கு மேல் ஒருவரா?" என்று அரசர் மெதுவாகக் கேட்டார்.

யாகப்பன் சேற்றில் விழுந்து, குடித்திருந்த கஞ்சியை வாந்தியெடுத்தார். வீரர் சிலர் சிரித்தனர். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆம், அரசே" என்றார்.

அவரைச் சிறையில் அடைத்தனர். இளவல் தாழைக்குடியைவிட்டு முன்னரே கடல் தாண்டிப் போய்விட்டார் என்ற உறுதியான செய்தி மறுநாள் வந்தது. அதை அடியேனே அரசரிடம் விண்ணப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆணையை மாற்றவில்லை. தென்கரையிலிருந்து வேறு மூழ்குவோரை வரவழைத்தார். அவர்கள் நாளை உச்சிப்பொழுதில் வருவார்கள். அதற்குள் யாகப்பன் இணங்காவிடில், அவர் மனைவி செலினாளையும் மகளையும் அவர் கண்முன்னே மடைவாயில் கட்டிவைக்கச் சொல்லி, அவர்களைப் பிடித்துவரும் பொறுப்பை அடியேனிடம் ஒப்படைத்தார்.

இன்று காலை சிறைக்குச் சென்று இதை யாகப்பனிடம் சொன்னேன். தண்ணீர்க் குவளையை எடுத்தார். பாதிக்கு மேல் மார்பில் சிந்தியது. மகளின் பெயரை இருமுறை சொன்னார். மீண்டும் முடியாது என்றார்.

அடியேன் அவருடைய சமயத்தவன் அல்லேன். ஆயினும் கேட்டேன்: "உம்முடைய கடவுள் உமது அச்சத்தையாவது போக்கினாரா?"

"இல்லை ஐயா. நான்கு நாளாய்க் கேட்டுப் பார்க்கிறேன். அச்சம் போகவில்லை. வேண்டாம் என்ற அவர் சொல்லும் மாறவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். பிறகு, "உங்களுக்கும் கை நடுங்குகிறதே ஐயா" என்றார்.

அப்போதுதான் அடியேன் என் கையைப் பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக ஆணை என்றால் பணிந்தவன் நான். பணிந்த சில ஆணைகளை இங்கே எழுதத் துணியேன். செலினாளையும் மகளையும் வீட்டிலிருந்து அழைத்துவந்தேன். மடைவாய்க்கு அன்று, சிறைவாயிலுக்கு. விசாரணைக்கு என்று காவலரிடம் பொய் சொல்லி யாகப்பனை வெளியே கொண்டுவந்தேன். இவ்வோலை முடிந்ததும் மூவரும் அதை எடுத்துக்கொண்டு மழையின் மறைவில் தாழைக்குடிக்குச் செல்வார்கள். ஊரைத் திரட்டி, நாணல் துறை வழியாக ஆற்றைக் கடந்து, நாளை மாலையில் தங்கள் எல்லைக் கதவை அடைவார்கள். பின்னால் குதிரைப்படை வரக்கூடும். வந்தால், அவர்களுக்கும் கதவுக்கும் இடையே திறந்த மணல்வெளியன்றி வேறொன்றும் இல்லை.

அம்மக்களைத் திருப்பி அனுப்பினால் எங்கள் அரசர் தங்களுக்கு நண்பராவார், ஏற்றுக்கொண்டால் பகைவராவார். இதை மறைத்துத் தங்களிடம் உதவி கேட்பது முறையன்று.

நாளை உச்சியில் அரசர் ஏரிக்கரைக்கு வந்து மடைக்காவலர் எங்கே என்று கேட்பார். விடை சொல்ல ஒருவராவது அங்கே இருந்தால்தான் தேடல் சிறிது தாமதமாகும். ஆகவே அடியேன் உடன் வரவில்லை.

இவ்வோலைக்கு அரச முத்திரை இல்லை. அடியேனின் கைம்மோதிரத்தை அரக்கில் அழுத்தி முடித்தேன். தங்களுக்குக் கட்டளையிடும் தகுதி எனக்கில்லை. காலில் விழுந்து கேட்கவும் நேரமில்லை. முதலில் குழந்தைகள் வருவார்கள். கதவைத் திறந்தருள்க.