ஏழுக்கு மூன்று

மார்ச் 4, செவ்வாய்

ஏழுக்கு மூன்று. பதினான்கு வருஷமாக இந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனதற்குக் கிடைத்த மார்க்.

போன வாரம் மூலையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டே இருந்தாளே, மதிப்பீட்டுக்கு வந்த பெண், அவள் போட்டது. சுத்தம் ஆறு. பாதுகாப்பு ஆறு. அன்பு ஐந்து. (மீதி ரெண்டு எங்கே போச்சாம்?) குழந்தைகளோடு உரையாடல், மூன்று. வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு!

மார்ச் 5, புதன்

பொறுப்பாளர் மேடத்திடம் கேட்டேன். அடுத்த மாதம் மறுபடி வருவார்களாம். அப்போதும் உரையாடலில் ஐந்துக்குக் கீழே இருந்தால் இரண்டு வயதுப் பிள்ளைகளின் அறையிலிருந்து என்னை எடுத்துச் சமையல்கட்டில் போட்டுவிடுவார்களாம். அந்தப் பெண் எழுதிய குறிப்புத் தாளையும் கொடுத்தார். அதில் இருந்தது: "நாற்பத்தொரு கேள்வி கேட்டார். முப்பத்தெட்டுக்கு அவரே பதில் சொன்னார்."

உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். வேலை வெட்டி இல்லாதவள்.

மார்ச் 7, வெள்ளி

ராத்திரி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் இவரிடம் கொட்டித் தீர்த்தேன். இது நியாயமா, சொல்லுங்க, எங்க சொல்வீங்க, எதுக்குத்தான் வாயத் தொறந்திருக்கீங்க என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "இப்ப நான் பதில் சொல்லலாமா?"

எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

என் அறையில் பட்டாணி என்று நான் கூப்பிடும் குட்டிப்பெண்ணுக்கு இரண்டரை வயது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. தினமும் சாயங்காலம் "இன்னைக்கு ஏதாவது பேசினாளா டீச்சர்?" என்று கேட்கும் அவள் அம்மா, என் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொள்கிறாள்.

இன்று சட்டை மாற்றும்போது கவனித்தேன். "எந்தச் சட்டை வேணும்? சிவப்பா? சிவப்புதான் என் தங்கத்துக்குப் பிடிக்கும்." பட்டாணியின் வாய் லேசாகத் திறந்து மூடியது. அதற்குள் நான் பட்டன் போட ஆரம்பித்துவிட்டேன்.

எத்தனை நாளாக இப்படி?

மார்ச் 13, வியாழன்

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது என்ன கஷ்டம்! மனசுக்குள் ஐந்து வரை எண்ணப் பார்த்தேன். மூன்றிலேயே வாய் முந்திக்கொண்டது.

மார்ச் 21, வெள்ளி

பத்து வரை எண்ணினேன். நாள் முழுக்க. எரிச்சல்தான் மிச்சம்.

மார்ச் 27, வியாழன்

சன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரி நின்றது. "என்ன அது?" என்று கேட்டுவிட்டு எண்ணினேன். பத்து தாண்டியது. லாரி கிளம்பித் திரும்பி மறைந்தது. கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடியே பட்டாணி சொன்னாள்: "போச்சு."

நான் அசையவில்லை. இன்னொரு தரம் சொன்னாள்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அவள் அம்மா வாசலில் செருப்பு வைக்கும் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மறுமதிப்பீடு. வேறு ஆள். உரையாடல், நான்கு. "ஆசிரியை பல இடங்களில் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார்."

பேசினாலும் குத்தம், பேசாட்டியும் குத்தம் — என்னதான் செய்யச் சொல்றாங்க? தாளை மேடத்தின் மேஜையில் வைத்தேன். "நான் பேசலதான் மேடம். அந்த நேரத்துல யார் பேசினாங்கன்னு எழுதியிருக்காரா?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதவில்லை. ஆனாலும் விதி விதிதானாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சமையல்கட்டில் முதல் நாள். பத்து மணிக்குப் பால் எடுத்துக்கொண்டு என் பழைய அறைக்குப் போனேன். புதிதாக வந்த டீச்சர் பட்டாணியிடம், "இன்னும் கொஞ்சம் பால் வேணுமா? வேணும், வேணும்" என்று சொல்லியபடியே ஜாடியைச் சாய்த்தாள்.

"கொஞ்சம் பொறும்மா," என்றேன். "அவளே சொல்லுவா."

பட்டாணி டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"வேணாம்," என்றாள். அப்புறம், "பிஸ்கட்."