கருப்புக் குஞ்சுகள்

ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம். இடுப்பு ஆபரேஷன் முடிந்து அக்கா எழுந்து உட்காருகிறாள். போனில் பேசினால் நமக்குச் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் கிளம்பும்போது கொல்லைத் தொட்டியில் கோய் வண்ணமீன் இட்ட முட்டைகள், இந்தக் கடிதம் வருவதற்குள் பொரிந்து நீந்தும். அவித்த மஞ்சள்கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்துவிடுங்கள். கொஞ்சம் போதும், விருந்து வைத்தால் தண்ணீர் நாறிவிடும். நீந்தத் தொடங்கியதும் கருப்புக் குஞ்சுகளை எடுத்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த முட்டை. இந்த ஒரு தடவை என் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மனைவி

ஜூன் 13

அன்புள்ள மீன்காரிக்கு,

என் கழுத்து போய்விட்டது. சைக்கிள் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, வெள்ளைக் கரண்டியோடு தொட்டியோரம் குந்தியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி ஒருமுறை உள்ளே விழுந்தது. ஒரு நாள் மஞ்சள்கரு அதிகமாகித் தண்ணீர் பாலாகிவிட, வாளி வாளியாக இறைத்து மாற்றினேன். "மீனை நீங்க வளக்கிறீங்களா, மீனு உங்கள வளக்குதா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்.

ஆனால் கருப்புக் குஞ்சுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அவருடைய வாத்துகளுக்குப் போட்டுவிட்டேன். வெளுத்ததெல்லாம் இப்போது பளிச்சென்று திரிகிறது. கல்யாணமான நாளிலிருந்து நீ சொன்னதைச் சொன்னபடி செய்தது இதுதான். பாராட்டி ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் கணவன்

ஜூன் 18

வீட்டுக்காரருக்கு,

எடுத்துவிடுங்கள் என்றால் அடுத்த தொட்டிக்கு எடுத்துவிடுங்கள் என்று அர்த்தம். அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பி வைத்துவிட்டுத்தானே வந்தேன்? அது எதற்கென்று யோசிக்கத் தோன்றவில்லையா? இந்த வகையில் கருப்பாகப் பிறப்பதுதான் வளர வளரச் சிவப்பும் வெள்ளையும் காட்டும். வெளுத்துப் பிறந்தது தேறாது. கழித்துவிட வேண்டியது அவற்றைத்தான்.

"இங்க வந்து பாருங்களேன்" என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன். "மீன்தானே, நீயே பாரு" என்பீர்கள். அழுகைகூட வரவில்லை. எரிகிறது.

உங்கள் மனைவி

ஜூன் 25

அன்புள்ளவளுக்கு,

'அடுத்த தொட்டிக்கு' என்று எழுத மை தீர்ந்துவிட்டதா? தெரியாதவனிடம் வேலை சொன்னால் தெரியும்படி சொல்ல வேண்டும். நல்லது செய்யப்போய்க் கொலைகாரன் ஆனேன்.

வெளுத்தவற்றைக் கழிக்க எனக்கு மனசு வரவில்லை. என் நிழல் விழுந்தாலே ஓரத்துக்கு வந்து மொய்க்கின்றன. தினமும் தொட்டியைப் பார்க்கிறேன், போதுமா? நீ எப்போது வருகிறாய்?

உன் கணவன்

ஜூலை 9

அன்புள்ள உங்களுக்கு,

அக்கா நடக்கிறாள். நான் வரவில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபம் போன பிறகும் அங்கே வரத் தோன்றவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. வெளுத்த குஞ்சுகளை நீங்களே வளருங்கள். உங்களிடம் நன்றாக இருக்கும்.

அக்கா வீட்டுப் பின்பக்கம் தொட்டி கட்டிவிட்டேன். தாய்மீனையும் இரண்டு ஆண்மீன்களையும் அனுப்புங்கள். முந்தின நாள் தீனி போட வேண்டாம். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. வாயை இறுக்கிக் கட்டி, பெட்டிக்குள் நிழலில் வைத்து, காலை வண்டியில் ஏற்றிவிடுங்கள். இங்கே நானே வந்து இறக்கிக்கொள்வேன். நீங்கள் கூடவே வர வேண்டாம்.

இப்படிக்கு,
நான்