ஐஸ் இல்லாத ஐஸ் ஃபேக்டரி

நவம்பர் 4, 2024
ஐஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஆனால் கட்டடம் பூட்டிக் கிடக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த டிசைனர்கள் ஆபீஸ் வைக்க வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். படகுகள் வந்து நிற்கிற ஜெட்டி பக்கத்தில் இந்த இடிசல்தான் வேண்டுமாம்! பதினாறு வருஷம் இங்கே படகுக்காரர்களுக்கு ஐஸ் டோக்கன் கொடுத்தவள் நான். "கட்டட வேலை முடியிற வரைக்கும் நீ இருந்து பாத்துக்கோ. அப்புறம் அவங்க இஷ்டம்" என்றார் முதலாளி. மகன் ஜெரின் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. அவர்கள் இஷ்டம் நல்லபடியாக இருக்கட்டும், மாதாவே.

நவம்பர் 19
நாகமுத்து மேஸ்திரி இரும்புத் தூண்களைத் தேய்த்து, துருவெல்லாம் எடுத்து, பச்சை பெயின்ட் அடித்து வைத்தார். டிசைனர்களுக்குத் தலைவி சங்கவி என்கிற பெண். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அங்கிள், அந்தத் துருதானே அழகு!"
"போன துருவுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார் மேஸ்திரி.
ஒரே ஒரு தூண் தப்பியிருந்தது. அதன் துருவுக்கு வார்னிஷ். மற்றவற்றுக்குத் துரு நிறத்தில் பெயின்ட்.

டிசம்பர் 12
ஐஸ் உறைய வைத்த தொட்டிக்குள் மெத்தை போட்டிருக்கிறார்கள். இறங்கி உட்கார்ந்து யோசிப்பார்களாம்.

ஜனவரி 8, 2025
அண்ணன் ஜேசுதாசன் என்னோடு பேசுவதில்லை. இங்கே ஐஸ் நின்றதிலிருந்து தன் படகுக்கு எங்கெங்கோ டெம்போ அனுப்பி வாங்குகிறார். போன வாரம் ஐஸ் வந்து சேர்வதற்குள் பாதிச் சூரை மீன் கெட்டுப்போயிற்று. நானா மூடினேன்? என்னிடம் கேட்டா மூடினார்கள்? கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். கூடப் பிறந்தவள்தானே நான்!

பிப்ரவரி 1
திறப்பு விழா. வாசலில் பெரிய பலகை: 'ஐஸ் ஃபேக்டரி'. தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும், நீல விளக்கோடு, ஜெட்டியில் நின்றாலே தெரிகிற மாதிரி. "பழசை மதிக்கணும் இல்லையா ஆன்ட்டி?" என்றாள் சங்கவி. ஐஸ் செய்த காலத்தில் எங்களுக்குப் பலகையே கிடையாது.
ஐஸ் செய்த கட்டடத்தில் அத்தனை பேருக்கும் வியர்த்து ஊற்றியது. நாளைக்கு வா என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நான் போவேன்.

பிப்ரவரி 3
வாசலில் பதினொரு படகுக்காரர்கள். பெட்டி, சாக்கு, இரண்டு டெம்போ. "பரஃப் சாலு ஹோ கயா?" ஐஸ் வந்துவிட்டதா என்று, ஜெட்டியில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில் ஒரே சத்தம். பலகையைப் பார்த்து வந்தவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஒரு பெங்காலிப் படகுக்காரர் நேரே உள்ளே போய், மீட்டிங்கில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, மெத்தையைத் தூக்கி அடியில் ஐஸ் தேடினார். நான்தான் சமாதானம் பேசி அனுப்பினேன்.

பிப்ரவரி 7
தினமும் வருகிறார்கள். "பலகையை எடுத்துடலாமே" என்றேன். "அது எங்க பிராண்ட் ஆன்ட்டி" என்றாள் சங்கவி. பிறகு வாசல் கூட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னாதான் இவங்க கேக்கறாங்க. இங்கேயே பர்மனென்ட்டா இருந்துடுறீங்களா?" என்று கேட்டாள்.
இருக்கிறேன் என்று அவள் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஐஸ் இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஜெரினுக்கு போன் பண்ணிச் சொன்னேன். எத்தனை மாதத்துக்கு அப்புறம் இன்று நன்றாகச் சாப்பிட்டேன்!

பிப்ரவரி 18
அண்ணன் இருபது நாள் கழித்துக் கடலிலிருந்து நேராக இங்கே வந்தார். படகு நிறைய மீனாம். முகமெல்லாம் சிரிப்பு. "என்ன செல்வி, பரஃப் சாலு ஆயிடுச்சாமே? ஜெட்டில எல்லாரும் சொல்றாங்க. அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"
சங்கவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ காலையிலிருந்து முப்பது பேருக்கு ஐஸ் இல்லை ஐயா என்றே சொன்ன வாய்.
"பரஃப் நஹீ ஹை, பாய் சாப்" என்றேன்.
அண்ணனிடம் நான் இந்தியில் பேசியது இதுதான் முதல் தடவை.