ஆறவிடாமல் பார்த்த என்ஜின்

அன்புள்ள பாய்,

இன்று காலை ஒருவர் பழைய வேன் ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வாங்கப்போகிறாராம், என்ஜினைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கிளப்பியதும் ஆயில் கருகும் வாடை மூக்கில் ஏறியது. அதற்குமேல் எனக்குக் கை ஓடவில்லை. நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு வேன் விலைக்கு வருகிறது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். பேகம்பூரிலிருந்து மாட்டு வண்டியில் தோல் அனுப்பி அலுத்துப் போயிருந்த காலம். "வண்டி அமைஞ்சா நீதான் அப்பு டிரைவர்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டீர்கள். ஊரார் லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். அந்த ஒரு வார்த்தையில், வாங்காத வண்டியை மனசுக்குள் ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"ஏனுங்க, தொட்டதும் கிளம்புமுங்க" என்றார் விற்பவர். கிளம்பியது. என்ஜினில் கை வைத்தேன், சுட்டது. நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். உள்ளே தேய்ந்த என்ஜின் சூட்டில் ஒழுங்காக ஓடும், ஆறினால்தான் குணத்தைக் காட்டும். ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தேன். குபுகுபுவென்று புகை வந்தது. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துபோய்விட்டன என்று அதிலேயே தெரிந்தது. நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்றீர்கள். மூடியைத் திருகி மூடினேன்.

"இம்புட்டுச் சூடா இருக்கே? ராத்திரி இங்கனயே தங்கிட்டு, காலைல ஆறின வண்டியப் பாப்பமா?"

"வேணாம் பாய். சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. கல்லு மாதிரி இருக்கு."

நீங்கள் அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்தீர்கள். காலையில் வண்டி மக்கர் செய்யும்போதெல்லாம் "பனி பாய்" என்றேன். அதையும் நம்பினீர்கள்.

அந்த மார்கழியில் உங்கள் வீட்டம்மா பிரசவத்துக்கு ஆத்தூரில் தாய்வீட்டில் இருந்தார்கள். வலி கண்டிருக்கிறது என்று தகவல் வந்து முதல்நாள் சாயங்காலமே போனோம். விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. நீங்கள் அல்லாவுக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் மருத்துவச்சி வெளியே ஓடிவந்தாள்.

"ரத்தம் நிக்க மாட்டேங்குது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!"

அவர்களைக் கோரைப்பாயோடு தூக்கி வண்டியில் படுக்க வைத்தோம். வண்டியின் முன்பக்கம் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். என்ஜின் இருமியது, அடங்கியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. நீங்களும் மச்சான்மார்களும் வெறுங்காலோடு தள்ளினீர்கள். தெருமுனை வரை போய், திருப்பி, மறுபடியும் தள்ளினோம். வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பியது.

செம்பட்டியைத் தாண்டினோம். சின்னாளப்பட்டி வருவதற்குள், அவர்கள் தலையை மடியில் வைத்திருந்த நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "நிறுத்து அப்பு. இனி எதுக்கு அவசரம்?"

ஓரம் கட்டினேன். சூடேறிய என்ஜின் அப்போது ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்களுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். "பழைய வண்டி. ஒனக்கு மட்டும் உள்ள இருக்குறது எப்பிடித் தெரியும்?" என்று என் தோளைத் தட்டினீர்கள். எனக்குத் தெரியும் பாய். அப்போதே சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். வண்டியை இரும்புக்குப் போட்டீர்கள், நான் பட்டறைக்குத் திரும்பினேன். அதன் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். எத்தனை டீ குடித்திருப்போம்! ஒரு நாளும் எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் உங்கள் மகள் பட்டறைக்கு வந்தாள். உங்கள் தங்கச்சி வீட்டில் நன்றாக வளர்கிறாள். முகம் அவள் அம்மாவுடையது.

"மாமா, அம்மாவக் காப்பாத்தணும்னு அன்னைக்குக் கைத் தோலு உரியிற மட்டும் ஹேண்டில் சுத்துனீகளாம்ல? அத்தா மௌத்தாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக."

"ஆமா தாயி" என்றேன்.

அந்த 'ஆமா' நெஞ்சில் கிடக்கிறது. அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவளிடமாவது உண்மையைச் சொல்லியாக வேண்டும். எந்த வயதில் சொன்னால் அவளால் தாங்க முடியும் என்று கேட்க, உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை, பாய்.